ரயில்வே கேட்டில் அணையும் வண்டி

எனக்கு வண்டி ஆகாது. இதை நான் வாயைத் திறந்து சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. யாராவது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து, "ரெண்டு பேருமா கட்டாயம் வந்துரணும்" என்று குங்குமச் சிமிழை நீட்டும்போதே என் வீட்டுக்காரர் முந்திக்கொள்வார். "அவளுக்கு வண்டி ஆவாதுங்க, நான் வந்துடறேன்" என்பார். நானும் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவேன். சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குக் கருவாடு ஆகாது. எனக்கு வண்டி ஆகாது. எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

ரயில் ஆகும். விருத்தாசலத்தில் ஏறினால் சென்னை வரைக்கும் வாய் ஓயாமல் சாப்பிட்டுக்கொண்டே போவேன். பஸ், கார், வேன் மூன்றும்தான் ஆகாது. வெறும் வயிற்றோடு போய்ப் பார்த்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தை மூக்கில் தேய்த்துத் தேய்த்து மூக்கு எரிந்ததுதான் மிச்சம். மருந்துக் கடை மாத்திரை போட்டால் தூக்கம் வரும், தூக்கத்துக்கு நடுவில் எழுந்து வாந்தி எடுப்பேன். எல்லாம் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் முடிந்துவிடும். அதற்கப்புறம் துவண்டுபோன என்னை யாராவது எதிர் பஸ்ஸில் திருப்பிக் கூட்டி வர வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கு செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட். மின்சாரப் பெட்டியில் பியூஸ் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் கட்டைகள் செய்வார்கள். கொலு சமயத்தில் கொஞ்சம் பொம்மை. சூளையிலிருந்து இறக்கிய சரக்கை ஒவ்வொன்றாக விரலால் சுண்டிக் காதில் வாங்குவார். கணீர் என்றால் நல்லது, மொத்தென்றால் உள்ளே விரிசல். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தேங்காயைத் தட்டுவார், பூசணிக்காயைத் தட்டுவார். மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில் காபி கொடுத்த பீங்கான் கோப்பையைச் சுண்டிப் பார்த்து, "இதுல குடிக்காதீங்கம்மா, அடியில விரிசல் விட்டிருக்குது" என்று சம்பந்தியம்மாவிடமே சொல்லிவிட்டு வந்தார். நல்ல வேளை, அந்த அம்மா சிரித்தார்கள். அந்த வீட்டில்தான் பெண்ணைக் கொடுத்தோம்.

அவருக்கு உலகத்திலேயே பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு. பாதியில் அணைவது. சூளை ஏற்றிவிட்டால் இறக்கும் வரை நெருப்பு நிற்கக் கூடாது. ஒருமுறை பர்னரில் ஏதோ அடைத்துக்கொண்டு நெருப்பு பாதியில் நின்றுபோனது. ஒரு சூளைச் சரக்கு முழுவதும் வெடித்தும் கோணியும் வெளியே வந்தது. அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவதைக்கூட ஒரு கண் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். நான் சொல்வதெல்லாம் இரண்டாயிரத்துப் பத்து பிறப்பதற்கு ஓரிரு வருஷம் முன்னால், நினைத்த நேரத்தில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம். மனிதருக்கு நிம்மதி எப்படி இருக்கும்?

எங்களிடம் ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. வைக்கோல் பரப்பிய பெட்டிகளில் பீங்கான் ஏற்றுவதற்காக வாங்கியது. விசேஷம் என்றால் வைக்கோலைப் பெருக்கிவிட்டு அதுவே குடும்ப வண்டி. பேட்டரி கிழம். தொழிற்பேட்டையில் காலையில் நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். ஒருமுறை வந்துவிட்டால் வேலை முடிகிற வரைக்கும் அவர் அதை அணைக்க மாட்டார். டீக்கடையில் டீ குடிக்கும்போதும் அது வாசலில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டிருக்கும்.

விருத்தாசலம் ஜங்ஷன் ஊர். எந்தப் பக்கம் தண்டவாளம் பிரிகிறது என்று எண்ணுவதைவிட எந்தப் பக்கம் பிரியவில்லை என்று எண்ணுவது சுலபம். எங்கள் வீடு இருக்கிற பக்கத்திலிருந்து வெளியூர் கிளம்பினால் முதலில் வருவது ரயில்வே கேட். நான் கிளம்புகிற அன்றைக்கு அது மூடியிருக்கும். ஒரு கூட்ஸ் போகும், சரி முடிந்தது என்று பார்த்தால் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாசஞ்சர் வரும் என்று கேட்காரர் திறக்காமல் நிற்பார். முன்னால் கரும்பு லாரி, பின்னால் பஸ். எல்லாம் உறுமிக்கொண்டு நிற்கும்.

கடவுள் பார்த்துப் பார்த்து என் மகளை ரயிலே போகாத ஊரில் கொண்டு வைத்தார். பெரம்பலூர். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் அங்கே இன்ஜினியரிங் காலேஜில் வேலை. கல்யாணமாகி கொஞ்ச நாளில் தனிக்குடித்தனம் வைத்தோம். பெண் முதல் முதலாகத் தனி வீட்டுக்குப் போகிறாள் என்றால் அம்மாதானே போய்ப் பால் காய்ச்சி, அடுப்படியை ஒழுங்குபண்ணிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்? குத்துவிளக்கு, அரிசி, உப்பு, மஞ்சள், புளி, நானே பொடித்த மிளகாய்த்தூள் என்று எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு ஏறினேன். கேட்டைத் தாண்டவில்லை. குடலே வெளியே வந்துவிடும் போல ஆகிவிட்டது. என்னை இறக்கி ஓர் ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் போனார்கள். பாலைச் சம்பந்தியம்மா காய்ச்சினார்கள்.

"பரவால்லம்மா, நீ உடம்பைப் பாத்துக்கோ" என்றாள் மகள் போனில். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அவள்தான் வருவாள், நான் போனதில்லை. ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னாள், "பக்கத்து வூட்டு அக்கா கேக்குறாங்கம்மா, உங்கம்மாவுக்கும் உனக்கும் ஆவாதான்னு. மாமியாரு வராங்க, நாத்தனாரு வராங்க, உங்கம்மா ஏன் ஒரு நாளும் வரலன்னு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். பெற்ற பெண்ணின் வீட்டு வாசலை நான் பார்த்ததில்லை. சமையலறை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரியாது. அவள் போனில் "இரும்மா, அடுப்புல வச்சிருக்கேன்" என்று சொன்னால், எந்த அடுப்பு, எந்த மூலை என்று என் மனசில் ஒன்றும் வராது.

இந்த நேரத்தில்தான் புது வண்டி பேச்சு வந்தது. மாமனாருக்குக் கண் வைத்தியத்துக்காக அடிக்கடி புதுச்சேரி போக வேண்டியிருந்தது. தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை வேஷ்டியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு இறங்கியதைப் பார்த்து என் வீட்டுக்காரருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏழு பேர் உட்காருகிற, ஜீப் மாதிரி உயரமான புது வண்டி ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு கடலூர் ஷோரூமுக்குப் போன் போட்டார். மறுநாளே டை கட்டிய ஒருத்தர் கையில் படம் போட்ட பளபளப்புக் காகிதத்தோடு வந்து இறங்கினார்.

"இது ஹைபிரிட் சார்" என்றார் ஷோரூம்காரர்.

கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த என் மாமனார் எழுந்து உட்கார்ந்தார். நல்லூர்ப் பக்கம் நிலம் வைத்துப் பயிர் பண்ணிய மனிதர். "ஹைபிரிட்டா? மொத போகம் நல்லாத்தான் குடுக்கும். அடுத்த போகத்துக்கு வெதை எடுக்க முடியாதே" என்றார்.

ஷோரூம்காரர் விழித்தார். பிறகு சமாளித்துக்கொண்டு விளக்கினார். வண்டி நின்ற இடத்தில் கியரை எடுத்துவிட்டுக் கிளட்சிலிருந்து காலையும் எடுத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் என்ஜின் தானாக நின்றுவிடுமாம். மறுபடி கிளட்சை மிதித்தால் தானாகக் கிளம்புமாம். டீசல் மிச்சமாம். என் வீட்டுக்காரர் காலுக்குக் கீழே பாம்பு போன மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"குடும்பத்துல எத்தனை பேருங்க சார் போவீங்க?" என்று ஷோரூம்காரர் பேச்சை மாற்றினார்.

"நானு, எங்கப்பா, பொண்ணு, மாப்ள. நாலு பேரு."

நான் அப்போது காபித் தட்டோடு அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஷோரூம்காரர் என்னைப் பார்த்தார். "அவளுக்கு வண்டி ஆவாது" என்றார் என் வீட்டுக்காரர், வழக்கம் போல. நான் காபியை வைத்துவிட்டு உள்ளே போனேன். சர்க்கரை போட மறந்திருந்தேன். வேண்டுமென்றே மறந்தேன் என்று அவர் இன்றைக்கும் சொல்வார், இருக்கலாம்.

அன்றைக்கு ஓட்டிப் பார்க்கப் போனவர் முகம் சுண்டித் திரும்பி வந்தார். கேட்டில் நின்றதாம், பொசுக்கென்று அணைந்ததாம். "ஓடறதெல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஆனா ஒரு எடத்துல நின்னா உசுரை உட்டுடுது. அதை எப்புடி நம்பிக் குடும்பத்தை ஏத்தறது?" என்றார்.

"நான் ஓட்டுன மாடு கூட நின்னா அசை போட்டுக்கிட்டு நிக்கும். உசுரை உடாது" என்றார் மாமனார்.

அதற்கப்புறம் பத்துப் பதினைந்து நாள் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. தடவைக்குத் தடவை கிளப்பினால் பேட்டரி என்னத்துக்கு ஆகும்? மழையில் கேட்டில் அணைந்து, மறுபடி கிளம்பாவிட்டால்? பின்னால் நிற்கிற பஸ்காரன் என்னென்ன திட்டுவான்? ஊரில் ஒருத்தரிடமும் இந்த வண்டி கிடையாது, கெட்டுப்போனால் யாருக்கு இதைப் பிரிக்கத் தெரியும்? எல்லாம் நியாயமான கேள்விதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. மங்கலம்பேட்டையில் அவருக்கு ஒரு சிநேகிதர், வளைகுடாவில் பல வருஷம் கார் ஓட்டிவிட்டு வந்து கடை வைத்திருந்தவர். அவரிடம் போய்க் கேட்டார். "அங்கெல்லாம் அணையிறதும் எரியிறதும் அதும்பாட்டுக்கு நடக்கும். ஆனா அங்க ரோடு வேற, இங்க ரோடு வேற" என்று அவர் சொல்லி அனுப்பினார். இதை வைத்துக்கொண்டு ஒருத்தர் என்ன முடிவெடுக்க முடியும்? மெக்கானிக் வேண்டாம் என்றார். பக்கத்து யூனிட்காரர் வேண்டும் என்றார். பால்காரரிடம் கூடக் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. எனக்குத்தான் வண்டி ஆகாதே.

கடைசியில் சாமியிடம் கேட்பது என்று முடிவானது. பூப்போட்டுப் பார்ப்பது எங்கள் பக்கம் சகஜம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், ஒன்றுபோல மடித்து சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். மனசில் நினைத்த நிறம் வந்தால் சரி. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. அந்தச் சாமி கோர்ட்டு மாதிரி. யார் மேலாவது குறை இருந்தால் காகிதத்தில் பிராது எழுதி அங்கே கட்டிவிட்டு வருவார்கள், சாமி விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார். நான் ஒரு பிராது கட்டினால் யார் மேல் கட்டுவேன் என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"நீ வந்து எடும்மா. வூட்டுப் பொம்பள கைதான் எடுக்கணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"வண்டியில ஏற ஆவாது, பூ எடுக்க மட்டும் ஆவுமா?"

"பக்கத்துலதானே. ஒரு எட்டு."

ஷோரூம்காரர் அதே வண்டியைக் கொண்டு வந்தார். பாவம், அவருக்கும் இந்த வியாபாரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. என் வீட்டுக்காரர் ஓட்ட, பக்கத்தில் ஷோரூம்காரர், நடு சீட்டில் நானும் என் எலுமிச்சம்பழமும் பாலிதீன் பையும். வண்டி உயரமாக இருந்ததால் ஏறவே ஒரு கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொல்ல ஆரம்பித்தேன்.

கேட் மூடியிருந்தது. நான் கிளம்பிய அன்றைக்கு அது வேறு எப்படி இருக்கும்?

வண்டி நின்றது. என் வீட்டுக்காரர் கியரையும் எடுக்கவில்லை, கிளட்சிலிருந்து காலையும் எடுக்கவில்லை. மிதித்த மிதியில் தொடை நடுங்குகிறது, ஆனாலும் விட மாட்டேன் என்கிறார். சீட்டுக்கு அடியிலிருந்து அந்த அதிர்வு ஏறி, வயிற்றுக்கு வந்து, தொண்டைக்கு வந்தது. எனக்கு வழக்கமாக வருகிற அதே வழி. பையை விரித்துக்கொண்டேன்.

"சார், காலை எடுங்க சார். கிளட்ச் பிளேட்டு போயிடும் சார்" என்று ஷோரூம்காரர் கெஞ்சினார். "ஒரே ஒரு தடவை நம்பிப் பாருங்க சார்."

கால் வலித்ததோ, நம்பித்தான் பார்ப்போம் என்று தோன்றியதோ, கியரையும் காலையும் எடுத்தார். என்ஜின் நின்றது.

எல்லாம் நின்றது. சீட்டு நின்றது, கண்ணாடி நின்றது, என் கால் கட்டைவிரலில் இருந்த நடுக்கம் நின்றது. கேட் மணி அடிப்பது தனியாகக் கேட்டது. யாரோ வெள்ளரிப் பிஞ்சு விற்றுக்கொண்டு போனது கேட்டது. நான் கண்ணைத் திறந்தேன். வெளியே வெயில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம். இத்தனை வருஷத்தில் அந்தக் கேட்டில் ஒரு வேப்பமரம் இருப்பதை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் குனிந்துகொண்டிருப்பேன்.

"என்னம்மா, வருதா?" என்றார் திரும்பாமலே. எப்போதும் கேட்கிற கேள்வி.

"வரல."

"என்ன வரல?"

"ஒண்ணும் வரல."

கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று சாவகாசமாகப் போனது. அது போய் முடிக்கும் வரை நான் வேடிக்கை பார்த்தேன். கேட் தூக்கியதும் அவர் கிளட்சை மிதித்தார். அவருடைய தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் இருந்தது. என்ஜின் லேசாகச் சிலிர்த்துக் கிளம்பியது, தோள் கீழே இறங்கியது. வண்டி கேட்டைத் தாண்டி ஓடியது. நான் ஜன்னல் ஓரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். ஓடுகிற வண்டி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. காற்று வந்தது, நன்றாகத்தான் இருந்தது.

கோயில் வாசலில் இறங்கும்போது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு வண்டி ஆகாமல் இல்லை. நின்றுகொண்டு ஆடுகிற வண்டிதான் ஆகாது. இந்த ஊரிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு பயணமும் அந்தக் கேட்டில்தான் தொடங்கியது, அங்கேயே என் வயிறு கலங்கிவிடும், பிறகு ஓடினால் என்ன, பறந்தால் என்ன? ரயில் ஏன் ஆகிறது? ரயிலுக்கு யார் கேட் போடுகிறார்கள்!

எனக்கு இன்னொன்றும் தோன்றியது. ஷோரூம்காரரைப் பார்த்துக் கேட்டேன்.

"ஏங்க, பழைய வண்டியில சாவியைத் திருப்புனா இதே மாதிரி அணையுமா அணையாதா?"

அவர் டையைச் சரிபண்ணிக்கொண்டார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "அணையும் மேடம்" என்றார் மெதுவாக. வியாபாரம் கையை விட்டுப் போகிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். "அணைச்சா மறுபடி பத்தாதே" என்றார் அவர், காலில் செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்தில் சாமி சன்னிதி என்றுகூடப் பார்க்கவில்லை. "ஒரு சாவிங்க. ஒரு சாவியைத் திருப்பறதுக்குப் பயந்துக்கிட்டு இத்தனை வருஷம் என்னை வூட்டுல குந்த வச்சீங்களே. எம்பொண்ணு வூட்டுல பால் காய்ச்ச நான் போவல. பத்தலன்னா நாலு பேரு தள்ள மாட்டாங்களா? அந்தக் கேட்டுல எப்பவும் நாப்பது பேரு நிக்கலயா?" என்று சத்தம் போட்டேன். பூக்கார அம்மா பொட்டலம் மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "பூவெல்லாம் வேணாம். சாமிகிட்ட என்ன கேக்கறது, என்கிட்ட கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். பிராது ஒன்றும் கட்டவில்லை. வாயாலேயே தீர்ப்பு வாங்கியாயிற்று.

திரும்பும்போது கேட்டில் நின்றதும் அவராகவே கியரையும் காலையும் எடுத்தார். என்ஜின் அணைந்த அமைதியில் அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் பழைய வேன் கழுவி நின்றது. வைக்கோல் ஒரு துரும்பு இல்லை. முன் சீட்டில் ஒரு தலையணை போட்டிருந்தார். "பொறப்படு" என்றார்.

"எங்க?"

"பெரம்பலூருக்கு."

"புது வண்டி வந்தப்புறம் போவலாமே."

"அது வரப்ப வரட்டும். இதுல போவ முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்."

மாமனாரைப் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மகளுக்குச் சொல்லவில்லை. பாதியில் திரும்பினால் அவளுக்கு இன்னொரு ஏமாற்றம் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். ஒரு சின்னப் பித்தளைப் பால் சொம்பு மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். முதல் தடவை அவளுக்கென்று எடுத்துப் போய், ஆட்டோவில் என்னோடேயே திரும்பி வந்த சொம்பு.

கேட் மூடியிருந்தது. வேன் நின்று ஆட ஆரம்பித்தது. அவர் சாவியைப் பிடித்தார். பிடித்த கை அங்கேயே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. சூளையில் நெருப்பு அணைந்த அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்ததை நான்தானே பார்த்தேன். "திருப்புங்க, நான் இருக்கேன்" என்றேன். திருப்பினார். வேன் ஒரு குலுக்கு குலுக்கி அடங்கியது.

வேப்பமரத்தைக் காட்டினேன். "தெரியுமே, ரொம்ப நாளா இருக்குது" என்றார். அவர் எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்து போனவர், தெரியாமல் என்ன.

ரயில் போய்க் கேட் திறந்தது. அவர் சாவியைத் திருப்பினார், வேன் இருமியது. மறுபடி திருப்பினார், மறுபடி இருமியது. பின்னால் பஸ் ஹாரன், லாரி ஹாரன், ஏதோ ஒரு பைக்குக்காரர் எங்கள் பரம்பரையையே விசாரித்தார். என் வீட்டுக்காரர் காது மடல் சிவந்துவிட்டது. நான் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சம் கை குடுங்க சாமி, எம்பொண்ணு வூட்டுக்குப் போறேன்" என்று கத்தினேன். பஸ் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே இறங்கி வந்தார். வெள்ளரிக்காய்க்காரர் கூடையைக் கீழே வைத்தார். திட்டிய பைக்குக்காரரும் வந்தார். எல்லோரும் தள்ளினார்கள். தண்டவாளத்துக்கு மேலேயே வேன் உதறிக்கொண்டு உயிர் வந்து ஓடியது. பின்னாலிருந்து யாரோ சீழ்க்கை அடித்தார்கள். நான் கேட்டைத் தாண்டிவிட்டேன், பை காலியாக இருந்தது.

நல்லூர் போனது, வேப்பூர் போனது. பெரிய ரோட்டில் ஏறிய பிறகு வேன் ஒரே சீராக ஓடியது. தொழுதூரில் எனக்குப் பசித்தது. வண்டிப் பயணத்தில் எனக்குப் பசித்தது அதுதான் முதல் தடவை. இட்லி வாங்கித் தரச் சொன்னேன். வேனை அணைக்காமல் இறங்கப் போனவர், என்னைத் திரும்பிப் பார்த்து, பிறகு தானாக உருண்டு கிளம்பட்டும் என்று ஒரு சரிவான இடத்தில் நிறுத்தி அணைத்துவிட்டுப் போனார்.

மகள் வீடு ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதி. கதவைத் திறந்தவள் அப்பாவைப் பார்த்து, "என்னப்பா, சொல்லாம கொள்ளாம?" என்றாள். என்னை அவள் பார்க்கவில்லை. அந்த வேனின் பக்கம் என்னைத் தேட அவளுக்குத் தோன்றவே இல்லை. நான் இறங்கிப் படியேறி அவள் முன்னால் போய் நின்ற பிறகுதான் பார்த்தாள். கையில் இருந்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அம்மா, நீ எப்புடிம்மா வந்த?"

"வேன்லதான்."

"வாந்தி?"

"இட்லி சாப்ட்டு வந்தேன்."

அவள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். கரண்டியில் இருந்த சாம்பார் என் புடவை முதுகில் வழிந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலில் தெரிந்தார். "இதான் எங்கம்மா!" என்று மகள் அழுதுகொண்டே அவருக்குச் சொன்னாள்.

சமையலறை கிழக்குப் பார்த்துத்தான் இருந்தது. அடுப்பு ஜன்னலுக்குப் பக்கத்தில் வலது மூலையில். அவள் செய்துகொண்டிருந்த சமையலை இறக்கச் சொல்லிவிட்டு, சொம்பைக் கழுவிப் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தேன். ஒன்றரை வருஷம் தாமதம், இருக்கட்டும். நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, பால் பொங்கி வழிவதைப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் வாசற்படியில் நின்றுகொண்டு, வழக்கம் போல அடுப்பில் ஒரு கண் வைத்திருந்தார். நெருப்பு நன்றாகத்தான் எரிந்தது.

மறுநாள் வீட்டுக்கு வந்ததும் ஷோரூம்காரர் போன். அவர் நம்பிக்கை இழந்த குரலில் பேசினார் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர், "இல்லங்க, வாங்கறோம். அந்த அணையுற வண்டியேதான் வேணும்" என்றார். மாமனார் கட்டிலிலிருந்து, "வெதை எடுக்க முடியாதுடா" என்று குரல் கொடுத்தார். யாரும் கவனிக்கவில்லை. நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். உள்ளே எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

"இல்லங்க, அன்னிக்குத் தப்பா சொல்லிட்டேன். அஞ்சு பேரு. முன் சீட்டு எங்க வூட்டம்மாவுக்கு."